குளவியின் கணக்கு

குளவி கொட்டிக் கொட்டிப் புழுவைக் குளவியாக்கும் என்பது நம் நாட்டில் நெடுங்காலமாய் வழங்கிவரும் நம்பிக்கை. சுவரிலே மண்கூடு கட்டும் குளவி எங்கிருந்தோ ஒரு பச்சைப் புழுவைத் தூக்கிவந்து அக்கூட்டினுள் அடைக்கின்றது. சில நாள் கழித்துக் கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளிவருவதோ புழுவன்று, குளவியே. இதனைக் கண்ட முன்னோர், புழுவானது இடைவிடாது குளவியையே நினைந்து நினைந்து அதன் வடிவத்தைப் பெற்றது எனக் கொண்டு, ஆசிரியனை நினையும் மாணாக்கனுக்கு அதனை உவமையாக்கினர். வடமொழியாளர் இதனைப் பிரமரகீட நியாயம் என்பர். யாம் கல்லூரியிற் சேர்ந்த முதலாண்டில் விலங்கியல் ஆசிரியர் ஒருவர் இவ்வுவமையை விரிவாய் எடுத்துரைத்துவிட்டு, "புழு குளவியாகவில்லை; குளவிக்கு உணவாயிற்று. ஆகையால் மாணாக்கர்களே, ஆசிரியரிடத்தில் சற்று எச்சரிக்கையாயிருங்கள்," என்று புன்னகையோடு முடித்தார்.

அவ்வுரை அன்று எம்மைச் சிரிக்கச் செய்ததேயன்றிச் சிந்திக்கச் செய்யவில்லை. சிந்திக்க நேர்ந்தது பட்டம் பெற்று வெளியேறிய பின்னரே; அதுவும் நீலகிரியில், கேத்திப் பள்ளத்தாக்கில், எம் சிற்றப்பாவின் முட்டைக்கோசுத் தோட்டத்தில். அங்கே ஒரு சிறு குளவி எமக்குக் கற்பித்த பாடமும், அப்பாடத்தைக் கற்குமுன் எம் சிற்றப்பாவுக்கு யாம் இழைத்த பிழையுமே இக்கட்டுரையின் பொருள்.

மேட்டுப்பாளையத்தினின்று மலை இரயிலில் ஏறிக் குன்னூர், வெலிங்டன், அருவங்காடு ஆகிய நிலையங்களைக் கடந்தால் கேத்தி வரும். 1899-இல் குன்னூர் வரையில் ஓடத் தொடங்கிய இவ்விரயில் 1908-இல் உதகமண்டலத்தை எட்டியது. நிலையத்தருகே நின்று கீழே நோக்கினால், மலைச்சரிவு முழுவதும் படிப்படியாய் வெட்டித் திருத்திய நிலங்களாய்த் தோன்றும். ஒரு படியில் கேரட்டு, அடுத்ததில் உருளைக்கிழங்கு, அதற்கும் கீழே முட்டைக்கோசு. இடையிடையே படுகர் வாழும் அட்டிகள். மேட்டில் தேயிலையும் கற்பூர மரத் தோப்புகளும். எம் சிற்றப்பா அங்கே ஒன்றரை ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, முப்பது ஆண்டுகளாய்க் காய்கறி பயிரிட்டு வருபவர். விதைக்கும் உரத்துக்கும் கடன் வாங்குவார். விளைந்ததை மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஏற்றுவார். விற்ற பணத்தில் கடனைக் கட்டுவார். மீதியில் வீட்டை நடத்துவார். மீதியில்லாத ஆண்டுகளும் உண்டு. எம் கல்லூரிச் சம்பளத்தில் ஒரு பகுதி அந்நிலத்தினின்று வந்ததென்பதை இவ்விடத்தே சொல்லுதல் கடமை.

பட்டம் பெற்ற ஆண்டின் கோடையில் யாம் அங்குச் சென்றபோது, கோசுப் பயிரைப் புழு பற்றியிருந்தது. வைரமுதுகு அந்துப்பூச்சி என்று அதன் தாய்க்குப் பெயர். இறகை மடக்கி அமர்ந்திருக்கும்போது ஒரு சென்டிமீட்டர் நீளமும் இராத அப்பூச்சியின் முதுகிலே, வைரக்கல்லின் வடிவில் மூன்று வெளிறிய கட்டங்கள் வரிசையாய்த் தெரியும். அதன் புழு பசுமை நிறமுடையது, இருமுனையும் கூம்பியது. இளம்புழு இலையின் ஒருபுறத்துத் தோலை மட்டும் எஞ்சவிட்டு மற்றதைத் தின்றுவிடுவதால், இலையெங்கும் சன்னற் கண்ணாடி பதித்தாற்போன்ற வெள்ளைத் திட்டுகள் தோன்றும். மழையற்ற வெப்ப மாதங்களில் இது பெருகும். கோசின் உருண்டையில் துளை விழுந்துவிட்டால் மண்டியில் அதனைக் கேட்பாரில்லை.

இப்புழுவுக்கு உலகெங்கும் ஒரு கெட்ட பெயருண்டு. எந்த நஞ்சைத் தெளித்தாலும் சில ஆண்டுகளில் அதனைத் தாங்கப் பழகிவிடும். டி.டி.டி. மருந்துக்கு இது பணியாமற்போன செய்தி 1953-இலேயே சாவகத்திலிருந்து வெளியாயிற்று. புழுக்களுக்கே உரிய பாக்டீரியா மருந்தைக்கூட ஹவாய்த் தீவின் தோட்டங்களில் இது தாங்கி நின்றதென்பது 1990-இல் தெரியவந்தது. இவற்றையெல்லாம் யாம் அப்பொழுதுதான் படித்து முடித்திருந்தோம். படித்ததைச் சொல்வதற்கு ஒரு செவி தேடிக்கொண்டிருந்தோம் என்பதே உண்மை.

முதல் நாள் காலையில் இலைகளைப் புரட்டிக்கொண்டிருக்கையில், தோட்டத்தில் களையெடுக்கும் மூதாட்டி ஒருவர் அருகில் வந்து, ஓர் இலையின் அடிப்புறத்தைத் திருப்பிக் காட்டினார். அதில் இரண்டு கூடுகள் இருந்தன. ஒன்று மெல்லிய வலைபோன்றது. உள்ளிருக்கும் பச்சைநிறக் கூட்டுப்புழு வெளியே தெரிந்தது. மற்றொன்றில் அவ்வலைக்குள்ளே பழுப்பு நிறமான கெட்டிக் கூடு ஒன்று அடைபட்டிருந்தது.

"வலைக்கூட்டுல பூச்சி வரும், தம்பி. இந்தக் கெட்டிக்கூட்டுல பூச்சி வராது. கறுப்பா ஒரு ஈதான் வரும். அந்த ஈ நெறைய இருக்கிற வருஷம் புழு கொஞ்சம் அடங்கும்," என்றார் அவர்.

அம்மூதாட்டி ஈ என்றது ஈயன்று, குளவியே. டயடெக்மா செமிகிளாசம் என்று நூல்கள் கூறும் ஒட்டுண்ணிக் குளவி அது. ஐரோப்பாவுக்குரிய இக்குளவியை 1930-களில் இங்கிலாந்திலிருந்து நியூசிலாந்துக்கும், 1950-இல் அங்கிருந்து இந்தோனேசியாவுக்கும் கொண்டுசென்று விட்டனர். பின்னர் ஆசியாவின் வேறு பல குளிர்மலைகளிலும் அது குடியேற்றப்பட்டது. நீலகிரியில் அது வாழ்வதை 1990-களில் வேளாண் ஆராய்ச்சியாளர் பதிவு செய்திருக்கின்றனர். குளிர்ச்சியை விரும்பும் இனமாதலின் சமவெளியின் வெப்பம் அதற்கு ஒவ்வாது. கீழே சமவெளியில் அதே புழுவைக் கொட்டுவது கொட்டீசியா என்னும் வேறொரு குளவி.

கெட்டிக்கூடுகள் சிலவற்றை எடுத்துக் கண்ணாடிப் புட்டியிலிட்டு மல்துணியால் வாயைக் கட்டி வைத்தோம். பிறகு பூதக்கண்ணாடியும் கையுமாய்ச் செடிகளினிடையே அமர்ந்தோம். வெயில் ஏறியபின் குளவிகள் வந்தன. மெலிந்த கரிய உடல். ஓயாது துடிக்கும் உணர்கொம்புகள். ஒரு குளவி இலைமேல் இறங்கி, புழு தின்ற தடத்தைக் கொம்புகளால் தட்டித் தட்டி நடந்தது. புழுவோ ஆபத்தையறிந்து நெளிந்து, இலையோரத்திலிருந்து நூல் விட்டுத் தொங்கிற்று. குளவி அதனைத் துரத்தவில்லை. நூல் கட்டியிருந்த இடத்தருகே அசையாமல் நின்றது. சிறிது நேரங் கழித்து அபாயம் நீங்கிற்றென எண்ணிப் புழு நூல்வழியே ஏறிவந்தது. ஏறியதும் குளவி வயிற்றை முன்னே வளைத்து, கண்ணிமைக்கும் நேரத்தில் ஊசியைச் செருகி எடுத்தது. ஒரு முட்டை உள்ளே சென்றுவிட்டது. சமவெளிக் குளவியாகிய கொட்டீசியா இவ்வாறு காத்திராது. நூலைப் பற்றிக் கீழே இறங்கிப் புழுவைத் தேடும் என்று பின்னாளிற் படித்தோம். ஒரே புழுவுக்காக இரண்டு குளவிகள் இரண்டு வகையான வழி கொண்டிருப்பது வியப்பன்றோ?

முட்டையேற்ற புழு உடனே இறப்பதில்லை. முன்போலவே தின்று, முன்போலவே வளர்ந்து, தனக்கென வலைக்கூடும் கட்டும். அதன்பின்னரே உள்ளிருந்த குளவிக்குஞ்சு அதனைத் தின்று முடித்து, அவ்வலைக்குள்ளேயே தன் கெட்டிக்கூட்டை நூற்கும். இக்குளவிக் குடும்பத்தின் வாழ்க்கையைக் கண்டுதான் டார்வின், 1860-இல் அமெரிக்கத் தாவரவியலார் ஆசா கிரே என்பார்க்கு எழுதிய கடிதத்தில், அருளுடைய கடவுள் இவற்றை வேண்டுமென்றே படைத்திருப்பார் என்று தம்மால் நம்ப இயலவில்லை என வருந்தி எழுதினார். அக்கேள்விக்கு விடை கூறும் தகுதி எமக்கில்லை. ஆயினும் அன்று எம் மனத்தில் இரக்கமோ அருவருப்போ எழவில்லை, வேறொன்று எழுந்தது. அக்குளவி கண்ட புழுவையெல்லாம் கொட்டவில்லை. சிலவற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஏதோ குறையைக் கண்டாற்போல் விட்டு விலகிற்று. எதனைக் கண்டு ஏற்றது? எதனைக் கண்டு மறுத்தது?

அக்கேள்வியோடு அன்று மாலை வீடு திரும்பினோம். திண்ணையில் சிற்றப்பா மருந்துக் கடையிலிருந்து வாங்கிவந்த இரண்டு புட்டிகளை வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். மறுநாள் மருந்தடிப்பதாய்ச் சொன்னார். யாம் எம் கண்ணாடிப் புட்டியைக் காட்டி, குளவியின் வரலாற்றையெல்லாம் ஒரு சொற்பொழிவாய் நிகழ்த்தினோம். இம்மருந்து புழுவை ஓரளவே கொல்லும், குளவியையோ அடியோடு கொல்லும், பின்பு வரும் புழுவைத் தடுக்க ஒருவருமிரார் என்றோம். பத்து நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்றோம். அவர் பொறுமையாய்க் கேட்டார்.

"நீ சொல்றது சரியாத்தான் இருக்கும், தம்பி. ஆனா பத்து நாள்ல கோசு ஓட்டையாப் போச்சுன்னா, கடன்காரர் வாசல்ல வந்து நிக்கும்போது உன் குளவியையா காட்டுறது?" என்றார்.

இதற்கு யாம் சொன்ன விடையை இங்கே எழுதக் கூசுகின்றோம். அறியாமையினால் கெடுகின்றவர்களைக் காப்பாற்ற எவராலும் இயலாது என்னும் பொருள்பட, அவர் பிள்ளைகள் கேட்கும்படியே பேசினோம். சிற்றப்பா ஒன்றும் மறுமொழி கூறவில்லை. புட்டிகளை எடுத்துக்கொண்டு உள்ளே சென்றார். மறுநாள் விடியற்காலையில் தெளிப்பானின் ஓசை கேட்டது. நண்பகலில் தோட்டத்திற் சென்று பார்த்தபோது, இலைகளின்மேல் ஒரு குளவியும் இல்லை. யாம் அன்றைக்கே மூட்டை கட்டிக்கொண்டு இறங்கிவிட்டோம்.

எம் கூற்றே மெய்யாயிற்று. மூன்று வாரத்தில் புழு மீண்டும் பெருகி, மேலும் இருமுறை மருந்தடித்து, விளைச்சலிற் பெரும்பங்கு வீணாயிற்றென்று ஊரிலிருந்து செய்தி வந்தது. இவ்வகைச் செய்தி புதியதன்று. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் இலைசுருட்டுப் புழுவை அடக்கும்பொருட்டு 1935, 1936 ஆண்டுகளில் சாவகத்திலிருந்து மேக்ரோசென்ட்ரஸ் என்னும் குளவியைக் கொண்டுவந்தனர். அது நன்கு வேரூன்றிப் புழுவை அடக்கி வைத்திருந்தது. 1950-களில் தண்டு துளைக்கும் வேறொரு வண்டுக்காக டீல்ட்ரின் என்னும் மருந்தை அடிக்கத் தொடங்கியதும், குளவி குன்றி இலைசுருட்டுப் புழு மீண்டும் தலையெடுத்தது. இவற்றையெல்லாம் எண்ணி யாம் பெருமிதங்கொண்டோம். சிற்றப்பாவுக்குக் கடிதம் எழுதவில்லை. அவர் எழுதட்டும் என்றிருந்தோம்.

அவ்வாண்டில் சமவெளியில் ஒரு பள்ளியில் ஆசிரியராய் அமர்ந்தோம். ஓய்வு நேரத்தில், கேத்தியில் எழுந்த கேள்வியைத் தொடர்ந்து, குளவிகள் முட்டையிடும் முறையைப்பற்றிக் கிடைத்த நூல்களையெல்லாம் படித்தோம். படிக்கப் படிக்க, அச்சிறு உயிர் ஒவ்வொரு முட்டைக்கும் எத்தனை கணக்குப் பார்க்கின்றது என்பது விளங்கிற்று.

முதற் கணக்கு, இப்புழு ஏற்கெனவே பிறர் உடைமையா என்பது. ஒரு புழுவில் ஒரு குஞ்சே வளரக்கூடிய இனங்களில், இரண்டாம் முட்டை பெரும்பாலும் வீண். உள்ளே இரு குஞ்சுகள் போரிட்டு ஒன்றே எஞ்சும். எஞ்சுவது பெரும்பாலும் முன்வந்ததே. ஆகவே தாய் அறிந்து விலகுகின்றது. கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் சால்ட் என்பவர் 1930-களில், பிற பூச்சிகளின் முட்டைக்குள் முட்டையிடும் டிரைக்கோகிரம்மா என்னும் மிகச் சிறிய குளவியைக்கொண்டு இதனை ஆராய்ந்தார். முன்வந்த குளவி நடந்த இடத்தில் அதன் மணம் தங்குகின்றது. பின்வருவது அதனை முகர்ந்து அகல்கின்றது. அம்மணத்தை நீரிற் கழுவிவிட்டால் பின்வந்தது ஏமாந்து ஏறும். ஆனால் ஊசியைச் செருகியவுடன் உள்ளே ஆள் இருப்பதையறிந்து முட்டையிடாமலே இறங்கிவிடும். நம் நாட்டில் கரும்புக்கும் நெல்லுக்கும் அட்டைகளில் ஒட்டி வயலிற் கட்டப்படும் குளவி இவ்வினத்ததே. இது முட்டையின்மேல் நடந்தே அதன் அளவை அறிந்து, உள்ளே எத்தனை குஞ்சுக்கு இடமுண்டோ அத்தனை முட்டையே இடும்.

இரண்டாங் கணக்கு, மகனா மகளா என்பது. கருவுறாத முட்டையே ஆணாய்ப் பிறக்கும் என்பதைத் தேனீக்களிடத்தில் 1845-இல் வெளியிட்டவர் ஜெர்சோன் என்னும் சைலீசிய நாட்டுப் பாதிரியார். குளவிகளுக்கும் இதுவே விதி. தாய் தன் உடலிலுள்ள சிறு பையில் ஆண்வித்தைச் சேமித்து வைத்திருக்கின்றது. முட்டை வெளிப்படும்போது அப்பையைத் திறந்தால் மகள், மூடினால் மகன். கோதுமை மணிக்குள் வாழும் கூன்வண்டின் புழுவைக் கொட்டும் ஒரு குளவியிடத்தில், பெரிய புழு கிடைத்தால் மகளையும் சிறியது கிடைத்தால் மகனையும் இடும் வழக்கம் காணப்பட்டது. என்னை? சிறிய உடலோடு பிறந்தாலும் மகன் ஒருவாறு பிழைத்துக்கொள்வான். மகளோ பெரிய உடலிருந்தால்தான் பல முட்டைகளைச் சுமக்க இயலும். இதில் ஒரு நுட்பமும் உண்டு. சார்னாவ் என்பாரும் அவர் கூட்டாளிகளும் 1981-இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, பெரிது சிறிது என்பதைக் குளவி ஓர் அளவுகோலால் அளப்பதில்லை. தனக்குக் கிடைக்கும் மற்றவற்றோடு ஒப்பிட்டே அறிகின்றது. நேற்றுவரை சிறியவையே கண்ட குளவிக்கு இன்று நடுத்தரமானதே பெரிது.

மூன்றாங் கணக்கு, முட்டையிடுவதா, உண்பதா என்பது. சில இனங்களில் தாய்க்குளவி, கிடைத்த புழுவில் முட்டையிடாமல் அதனைக் குத்தி வடியும் சாற்றை உண்டு, அவ்வூட்டத்தால் பின்னர் இடவேண்டிய முட்டைகளை முதிரச் செய்கின்றது. விதைநெல்லைக் குத்தி உண்பதா, விதைப்பதா என்று நம் உழவர் படும் பாடு இதுவே.

நான்காவதாகிய கணக்கு எம்மை நாற்காலியினின்று எழச் செய்தது. பழ ஈயின் புழுக்களில் முட்டையிடும் லெப்டோபிலினா என்னும் குளவியைக்கொண்டு, ராய்ட்பெர்க் என்பாரும் அவர் கூட்டாளிகளும் செய்த ஆராய்ச்சி 1993-இல் நேச்சர் இதழில் வெளியாயிற்று. புயல் வருமுன் காற்றழுத்தம் தாழுமன்றோ? அழுத்தம் நிலையாயிருக்கும்போது அக்குளவி, முன்பே பிறர் முட்டையிட்ட புழுவை விலக்குகின்றது. அழுத்தம் தாழும்போதோ அத்தகைய புழுவையும் முன்னிலும் மிகுதியாய் ஏற்கின்றது. பெருமழைக்கும் காற்றுக்கும் ஒரு சிறு குளவி தப்புவது அரிது. நாளை என்பது உறுதியாயிருந்தால் நல்ல புழுவுக்குக் காத்திருக்கலாம். நாளை உறுதியில்லையெனில், பத்தில் ஒரு பங்கு வாய்ப்புடைய புழுவும் கைவிடத்தக்கதன்று. மற்றொரு நாளில் மடமையாகும் செயலே இன்று மதியாகின்றது.

குளவி உட்கார்ந்து எண்ணிப் பார்த்து இவற்றைச் செய்கின்றது என்று எவரும் கொள்ளற்க. தவறாய் இட்டவற்றின் வழித்தோன்றல்கள் குறைந்து, சரியாய் இட்டவற்றின் வழித்தோன்றல்கள் நிறைந்து, எண்ணிறந்த தலைமுறைகளில் அக்கணக்கு அதன் உடலிலேயே ஊறிவிட்டது. ஆயினும் அதனை யாம் படித்த அவ்விரவில், எம் கண்முன் நின்றது குளவியன்று; திண்ணையில் இரண்டு புட்டிகளோடு அமர்ந்திருந்த சிற்றப்பாவே.

அவரை அறியாதவர் என்றோம். அவர் அறியாதது என்ன? மருந்து முழுப்பயன் தராதென்பதை முப்பது ஆண்டுப் பட்டறிவில் எம்மினும் நன்றாய் அறிந்தவர். மூதாட்டி அறிந்திருந்த கறுப்பு ஈயை அவரும் அறிந்தேயிருந்தார். யாம் கேட்டது பத்து நாள். அவரிடத்தில் இல்லாததும் அதுவே. கடன் தவணை நெருங்குகின்றவனுக்குக் காற்றழுத்தம் தாழ்ந்துவிட்டது. இன்று பாதியேனும் தேறட்டும் என்று அவர் செய்தது, புயலுக்குமுன் குளவி செய்ததே. சம்பளம் நிலையாய் வரும் வீட்டில் அமர்ந்து, அவசரப்பட்டார் என்று அவரைப் பழிப்பது எமக்கு எளிதாயிருந்தது. அந்நிலத்தின் வருவாயால் படித்த படிப்பைக்கொண்டே அவரை இகழ்ந்தோம் என்பது அப்பொழுதுதான் உறைத்தது.

மறுநாளே கடிதம் எழுதினோம். குளவியைப்பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. மன்னிக்க வேண்டுமென்று மட்டும் எழுதினோம். "கோடை விடுமுறைக்கு வந்து சேர். உன் சித்தி எதிர்பார்க்கிறாள்," என்று இரண்டே வரியில் விடை வந்தது.

அடுத்த கோடையில் சென்றபோது சொற்பொழிவு நிகழ்த்தவில்லை. ஒரு வேண்டுகோள் மட்டும் விடுத்தோம். மேற்படியிலுள்ள அரை ஏக்கரில் நஞ்சு தெளிக்கவேண்டா. புழு எல்லை மீறினால் புழுவை மட்டும் கொல்லும் பாக்டீரியா மருந்தை அடிக்கலாம். அந்நிலத்தில் நேரும் நட்டத்தில் பாதியை எம் சம்பளத்தினின்று யாம் ஏற்போம் என்றோம். மலேசியாவில் தமிழர் பலரும் வாழும் கேமரன் மலையில் இதே குளவியை 1970-களில் நியூசிலாந்திலிருந்து கொண்டுவந்து விட்டபோது, கண்டபடி நஞ்சு தெளித்த காலத்தில் அது பயன்படவில்லை. உழவர் பாக்டீரியா மருந்துக்கு மாறிய பின்னரே அது பெருகிப் புழுவை அடக்கிற்று. இவ்வழி எமக்குத் தோன்றியதற்கு அதுவே காரணம். சிற்றப்பா நெடுநேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாதி நட்டம் உன்னுதுன்னா, பத்து நாள் என்ன, இருபது நாள்கூடப் பொறுக்கலாம்," என்றார்.

அவ்விருபது நாளும் யாம் உறங்கியது குறைவு. முதல் வாரத்தில் புழுவே ஓங்கிற்று. மேற்படியிலுள்ள இலைகள் சல்லடையாவதைக் கண்ட அண்டை நிலத்தார், படித்த பிள்ளையை நம்பிப் பயிரை விட்டான் என்று சிற்றப்பாவைக் கேலி செய்தனர். அவர் எம்மிடம் அதனைச் சொல்லவில்லை, சித்திதான் சொன்னார். ஒருமுறை பாக்டீரியா மருந்து அடித்தோம். இரண்டாம் வாரத்தில் கெட்டிக்கூடுகள் தென்படத் தொடங்கின. மூதாட்டி நாள்தோறும் இலைகளைப் புரட்டி, "இன்னிக்கு ஈக்கூடு அதிகம், தம்பி," என்று கணக்குச் சொல்வார். மூன்றாம் வார முடிவில் யாம் எடுத்துப் பார்த்த கூடுகளிற் பாதிக்கு மேற்பட்டவை கெட்டிக்கூடுகளே.

அவ்வாரத்தில் ஒரு பிற்பகலில் வானம் கறுத்து, உதகைப் பக்கத்தினின்று இடி முழங்கிற்று. மழை தொடங்குமுன் சற்று நேரம் யாம் செடிகளினிடையே நின்றோம். குளவிகள் அப்பொழுதும் இலைக்கு இலை தாவிக்கொண்டிருந்தன. புயலையறிந்து அவசரப்பட்டனவோ, வழக்கம்போலவே உழைத்தனவோ, வெறுங்கண்ணால் பார்த்துச் சொல்லும் திறமை எமக்கில்லை. பிறகு கோடைமழை கொட்டித் தீர்த்தது. அம்மழையிலும் இளம்புழுக்கள் பல அடித்துச் செல்லப்பட்டிருக்கும். ஆகவே மேற்படியின் பயிர் தேறியதற்குக் குளவியே காரணமென்று சாதிக்கமாட்டோம். குளவியும், மழையும், பாக்டீரியா மருந்தும், பொறுத்திருந்த ஒரு மனிதரும் காரணம் என்பதே நேர்மை. வெளி இலைகள் ஓட்டையாயினும் உருண்டைகள் பெரும்பாலும் பழுதின்றி நின்றன. நட்டம் சிறிதே, அதில் எம் பங்கைக் கொடுத்தபோது சிற்றப்பா வாங்க மறுத்தார். வற்புறுத்திக் கொடுத்தோம். அடுத்த ஆண்டில் அவரே ஒரு ஏக்கரை நஞ்சின்றி விட்டார்.

இக்கட்டுரையைப் படிக்கும் மாணவ அன்பர்களில் பலர், எம்மைப்போலவே, கடன்பட்ட நிலங்களும் கைத்தொழில்களும் அனுப்பிய பணத்தில் கற்பவர்களாயிருப்பர். கல்வி முடிந்து வீடு திரும்புகையில், அங்குள்ளோர் செய்வன பல பிழையாய்த் தோன்றும். சில பிழையாயும் இருக்கும். அப்பொழுது, இவர் இதனை ஏன் அறியவில்லை என்று கேட்குமுன், இவருக்கு எத்தனை நாள் மிச்சமிருக்கின்றது என்று கேட்டுப் பாருங்கள். அறிவைக் கொடுப்பது எளிது. அவ்வறிவைக் கையாளுவதற்கு வேண்டிய பத்து நாளையும் சேர்த்துக் கொடுக்கவேண்டியிருக்கின்றது. அதற்குச் சில வேளைகளில் நம் கைப்பணமும் செலவாகும்.

சென்ற கோடையிலும் கேத்திக்குச் சென்றிருந்தோம். மூதாட்டி இப்பொழுது வேலைக்கு வருவதில்லை, கண்பார்வை குன்றிவிட்டது. சிற்றப்பாவோ எம் பழைய பூதக்கண்ணாடியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருக்கின்றார். அண்டை நிலத்து இளைஞன் ஒருவன் மருந்துப் புட்டியோடு வந்தபோது, அவனை அமரச் செய்து தேநீர் கொடுத்துவிட்டு, முதலில் அவனிடம், "தவணை என்னைக்கு, தம்பி?" என்று கேட்டார். அதன்பின்னரே கெட்டிக்கூட்டைக் காட்டுவதற்கு அவனைத் தோட்டத்துக்குள் அழைத்துச் சென்றார்.